தனுஷ்கோடி ஸ்டேஷனும் தகர வில்லையும்

ராமேஸ்வரம் போகிறவர்கள் இப்போதெல்லாம் தனுஷ்கோடிக்கும் ஒரு நடை போய்வருகிறார்கள். 2017ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்டாகிவிட்டது. வேனும் பஸ்ஸும் நேரே போகின்றன. வழியில் மணலுக்கு நடுவே சில இடிந்த சுவர்கள் நிற்கின்றன. ஒன்று மாதா கோயில். ஒன்று தபாலாபீஸ். ஒன்று ரயில்வே ஸ்டேஷன். வந்தவர்கள் அந்தச் சுவர்களின் முன்னால் நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். சங்கும் சோழியும் வாங்கிக்கொள்கிறார்கள். "பேய் நகரம்" என்று யாரோ வைத்த பெயரைத் தாங்களும் சொல்லிக்கொண்டு திரும்புகிறார்கள்.

நாம் கேட்கிறோம்: பேய்களா அந்த ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருந்தன? திருச்சி ஜில்லாவிலும் புதுக்கோட்டைச் சீமையிலும் சேலத்திலும் ராமநாதபுரத்திலும் ஏர் பிடித்தவர்கள், நாற்று நட்டவர்கள், கதிர் அறுத்தவர்கள் காத்திருந்தார்கள். நம் பாட்டன்மார் காத்திருந்தார்கள். இடுப்பில் பிள்ளையோடு நம் பாட்டிமார் காத்திருந்தார்கள். பேய்க்கதை சொல்லச் சொல்ல அந்த மனிதர்கள் மறந்துபோகிறார்கள். மறந்துபோவது சிலருக்குச் சௌகரியமாகவும் இருக்கிறது.

புயல் அடித்தது, கடல் கொண்டது என்று இரண்டு வார்த்தையில் கதையை முடித்துவிடுகிறார்கள். புயல் அடித்தது உண்மை. கடல் வந்தது உண்மை. ஆனால் அந்த ஸ்டேஷனை எதற்காகக் கட்டினார்கள், யாரை ஏற்றினார்கள், செத்தவர்களை எப்படி எண்ணினார்கள், பிறகு ஏன் கைகழுவினார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்ப்போம். பதிலில் கடலின் பங்கு கொஞ்சம்தான் இருக்கும்.

யாருக்காகப் போட்ட பாதை?

ராமபிரான் அணை கட்டிய இடத்தில் வெள்ளைக்காரன் ரயில் பாலம் கட்டினான் என்று பெருமை பேசுகிறவர்கள் உண்டு. ராமர் சீதையை மீட்கக் கட்டினார் என்கிறது புராணம். வெள்ளைக்காரன் எதை மீட்கக் கட்டினான்?

1830களில் இலங்கை மலைநாட்டில் பிரிட்டிஷ் துரைமார் காடுகளை அழித்துக் காப்பித் தோட்டங்கள் போட்டார்கள். காடு வெட்டவும் காப்பி பறிக்கவும் கை வேண்டும். அந்தக் கைகளைத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் தேடினார்கள். பஞ்சமும் பண்ணையார் கொடுமையும் கடனும் அந்தக் கைகளை அங்கே தயாராக வைத்திருந்தன. போனவர்களில் ஏராளமானோர் தாழ்த்தப்பட்ட மக்கள். கூலி வேலைக்கு ஊரில் அரை வயிறு. ஊர்த் தெருவில் நடக்கச் சுதந்திரமில்லை. கடல் தாண்டினாலாவது மானத்தோடு கஞ்சி கிடைக்காதா என்று கிளம்பினார்கள்.

அப்போது ரயில் ஏது? ராமநாதபுரம் கடற்கரை வரைக்கும் நடை. அங்கிருந்து மன்னார்க் கரைக்குத் தோணி. அப்புறம் மாத்தளை வரை நூறு மைலுக்கு மேல் காட்டு வழி நடை. தண்ணீர் இல்லை, சத்திரம் இல்லை, வாந்திபேதியும் காய்ச்சலும் உண்டு. விழுந்தவன் விழுந்த இடத்தில் கிடந்தான். கூட வந்தவர்கள் நிற்க முடியாது, நடந்தார்கள். அந்த வழியில் செத்தவர்களுக்குக் கல்லறை கிடையாது, பெயர்ப் பட்டியலும் கிடையாது. அரை நூற்றாண்டுக் காலம் இப்படி நடந்தது. அந்த அரை நூற்றாண்டில் எந்தத் துரைக்கும் அந்த வழியில் பாலம் கட்டவேண்டும் என்ற எண்ணம் வரவில்லை!

பிறகு எப்போது வந்தது? 1869 முதல் காப்பிச் செடியைப் பூஞ்சை நோய் தின்றது. காப்பி போய்த் தேயிலை வந்தது. காப்பிக்குக் கூலியாள் பருவத்துக்கு வந்தால் போதும். பழம் பறித்துவிட்டு ஊருக்குத் திரும்பலாம். தேயிலைக் கொழுந்து வருஷம் பூராவும் துளிர்க்கும்; வருஷம் பூராவும் கிள்ள ஆள் வேண்டும். குடும்பம் குடும்பமாக, குறைவில்லாமல், தடங்கல் இல்லாமல் ஆள் வந்துகொண்டே இருக்கவேண்டும். செத்துச் செத்து வருகிற கூலி துரைக்கு நஷ்டம்.

ஆக, 1914 பிப்ரவரி 24ந் தேதி பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. கடலுக்கு நடுவே 145 கண்கள். கப்பல் வந்தால் நடுவில் இரண்டு கதவாகப் பிரிந்து எழும்பும் தூக்குப் பாலம். அதைத் தூக்கியது இயந்திரமல்ல, தொழிலாளியின் கைகள். நெம்புகோலைச் சுற்றிச் சுற்றித் தூக்கினார்கள். பாலத்தைத் தாண்டித் தீவின் கோடியில், இரண்டு கடலுக்கும் நடுவே ஒரு மணல் நாக்கின்மேல், தனுஷ்கோடி ஸ்டேஷன். ஸ்டேஷனை ஒட்டிக் கப்பல் துறை. சில நாட்களில் தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியது. எழும்பூரில் ஒரு டிக்கெட் எடுத்தால் கொழும்புக் கோட்டை ஸ்டேஷன் வரை போகலாம். அதுதான் போட் மெயில்.

அந்தக் கப்பல்களின் பெயர்களைக் கேளுங்கள். கர்ஸான், எல்ஜின், ஹார்டிஞ்ச். பின்னால் வந்தவை இர்வின், கோஷன். நான்கு பேர் வைசிராய்கள், ஒருவர் சென்னை கவர்னர். நிலக்கரி அள்ளிப் போட்டவன் பெயரில் கப்பல் உண்டா? தூணுக்காகக் கடலில் இறங்கியவன் பெயரில் உண்டா?

பாலமும் வண்டியும் கப்பலும் தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் நிர்வாகம். அந்தக் கம்பெனியின் டைரக்டர்கள் உட்கார்ந்திருந்தது லண்டனில். தன்னிடம் வேலை செய்த தமிழனை அந்த ரயில்வே எப்படி நடத்தியது என்பது நமக்கு மறக்கக்கூடிய விஷயமல்ல. 1928 ஜூலையில் ஆட்குறைப்பை எதிர்த்து அந்தக் கம்பெனியின் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தபோது அடக்குமுறையை அவிழ்த்துவிட்டார்கள்; தோழர் சிங்காரவேலரைச் சிறையில் தள்ளினார்கள். 1946 செப்டம்பர் 5ந் தேதி பொன்மலையில் துப்பாக்கிச் சூடு நடத்தி ஐந்து தொழிலாளிகளைக் கொன்றார்கள். தனுஷ்கோடிக்கு வண்டி விட்ட ரயில்வே இதுதான். கூலிகளின் மேல் கருணை வைத்தா அது கடலில் பாலம் போட்டிருக்கும்?

கழுத்தில் தொங்கிய வில்லை

இந்தப் பாதையில் ஆளைச் சேர்த்து அனுப்பியவன் கங்காணி. அவனும் நம் ஊர்க்காரன்தான். ஜரிகைத் தலைப்பாகையோடு ஊருக்கு வருவான். "இலங்கையில் தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடக்கிறது" என்பான். முன்பணம் கொடுப்பான். பண்ணையாரிடம் பட்ட கடன் அந்த முன்பணத்தில் அடையும். தோட்டத்துக்குப் புதுக் கடன் ஆரம்பிக்கும். பண்ணைக் கடனிலிருந்து தோட்டக் கடனுக்கு மாறினான், அவ்வளவுதான். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால் துரையிடம் "துண்டு" வாங்கவேண்டும். இந்தக் கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுவிக்கத் தயார் என்று எழுதிய சீட்டு அது. மாட்டுச் சந்தையில் விலை சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? 1921ல்தான் அந்தத் துண்டு முறை ஒழிந்தது.

20ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துரைமார் இன்னொரு வித்தை கண்டுபிடித்தார்கள். தகர வில்லை. வட்டமாக வெட்டிய தகரத்தில் தோட்டத்தின் எண் அடித்திருக்கும். அதைக் கயிற்றில் கோத்துக் கூலியின் கழுத்தில் கட்டிவிடுவார்கள். வழியில் ரயிலா, கப்பலா, முகாமா, எங்கே என்ன செலவானாலும் அந்த எண்ணின் பேரில் எழுதிக்கொள்ளலாம். தோட்டம் பணம் கட்டும். பிறகு தோட்டம் அதைக் கூலியின் பற்றுக் கணக்கில் ஏற்றிவிடும். பெயர் தேவையில்லை, ஊர் தேவையில்லை, எண் போதும். மூட்டைக்குக் கட்டுகிற சீட்டு மனிதன் கழுத்தில் ஏறியது.

இதையெல்லாம் நடத்துவதற்குத் தோட்ட முதலாளிகள் 1904ல் இலங்கைத் தொழிலாளர் கமிஷன் என்று ஒன்றைத் திருச்சியில் அமைத்தார்கள். ரயில்வே கம்பெனியின் தலைமை ஆபீசும் அதே திருச்சிக்கு வந்து சேர்ந்தது. ஆள் பிடிக்கிறவனும் ஆள் ஏற்றுகிறவனும் ஒரே ஊரில்!

மண்டபத்தில் ஒரு முகாம். நடத்தியது இலங்கை சர்க்கார். முதல் வகுப்புப் பிரயாணி எழும்பூரில் ஏறிப் படுத்து, மறுநாள் கடல் பார்த்துக்கொண்டே பாம்பன் பாலத்தைத் தாண்டி, கப்பல் மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்காருவார். கூலியை மண்டபத்தில் இறக்குவார்கள். நோய் இருக்கிறதா என்று நாட்கணக்கில் அடைத்து வைப்பார்கள். குளிப்பாட்டி, துணியை மருந்தில் போட்டெடுத்து, அம்மை குத்தி, வில்லையைச் சரிபார்த்து, அதற்கப்புறம்தான் தனுஷ்கோடி. நோய் பரவாமல் தடுக்கவேண்டியதுதானே என்று யாராவது கேட்கலாம். சரி. அந்த நோயைக் கொடுத்த பட்டினியையும் நெரிசலையும் தடுக்க எந்த முகாம் வைத்தார்கள்?

இந்த மனிதர்கள் தங்கள் எலும்பை உரமாகப் போட்டு மலைநாட்டைத் தேயிலை நாடாக்கினார்கள். அந்தத் தேயிலை லண்டன் கம்பெனிகளுக்கு லாபமாயிற்று. இலங்கைக்கு வருமானமாயிற்று.

53 நாள்

1939ல் இந்திய சர்க்கார் இலங்கைக்குக் கூலியாள் போவதைத் தடை செய்தது. அதற்குள் மலைநாட்டில் பல லட்சம் பேர் வேரூன்றிவிட்டார்கள். பிறந்தது அங்கே, பிள்ளை பெற்றது அங்கே. 1947 தேர்தலில் அவர்கள் ஓட்டுப் போட்டார்கள். இலங்கை இந்தியன் காங்கிரசின் பிரதிநிதிகள் 7 பேர் பார்லிமெண்டுக்குப் போனார்கள். பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளியின் ஓட்டு இடதுசாரிகளுக்குக் கிடைத்தது.

தொழிலாளியின் கைக்கு ஓட்டு வந்ததும் அவன் அன்னியனாகிவிட்டான்! 1948ல் குடியுரிமைச் சட்டம் வந்தது. ஒரே அடியில் லட்சக்கணக்கான பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த வருஷம் ஓட்டும் போயிற்று. கொழுந்து கிள்ளுகிற கை வேண்டும், ஓட்டுப் போடுகிற கை வேண்டாம்.

1964 அக்டோபர் 30ந் தேதி டில்லியில் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்தார்கள். லால் பகதூர் சாஸ்திரி, சிறிமாவோ பண்டாரநாயக்கா. பங்கு பிரித்தார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. பாக்கி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தார்கள். 1974ல் அதையும் ஆளுக்குப் பாதியாக 75,000 என்று பங்கிட்டுக்கொண்டார்கள். தோட்டத் தொழிலாளியின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. கழுத்தில் இருந்த வில்லை போய்விட்டது. எண் மட்டும் போகவில்லை.

இவர்களெல்லாம் எந்த வழியாகத் திரும்பி வரவேண்டும்? பாட்டன் போன அதே தலைமன்னார், அதே தனுஷ்கோடி. ஒப்பந்தத்தின் மை காய்ந்து 53 நாள் ஆயிற்று. 53ம் நாள் ராத்திரி புயல் வந்தது.

அந்த ராத்திரி

1964 டிசம்பர் 22. அந்தமான் பக்கத்தில் உருவான புயல், அன்று இலங்கையின் வடபகுதியை அடித்து நொறுக்கிவிட்டுப் பாக் நீரிணைக்குள் இறங்கியது. ராத்திரி 11 மணி 55 நிமிஷத்துக்கு 653ம் எண் பாசஞ்சர் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பியது. ஆறு பெட்டிகள். 110 பிரயாணிகள், 5 ரயில்வே தொழிலாளிகள் என்கிறது கணக்கு.

தனுஷ்கோடி ஸ்டேஷனுக்குச் சில நூறு கெஜம் இருக்கும்போது சிக்னல் வேலை செய்யவில்லை. வெளியே கும்மிருட்டு. பேய்க்காற்று. பாதையின் இரண்டு பக்கமும் கடல். டிரைவர் வண்டியை நிறுத்திக் காத்திருந்தார்; சிக்னல் விழவில்லை; நீளமாக ஊதல் கொடுத்துவிட்டு மெதுவாக முன்னே எடுத்தார் என்று சொல்கிறார்கள். அந்த ஊதலுக்குப் பதில் சொல்ல ஸ்டேஷனில் யார் இருந்திருப்பார்கள்? 20 அடிக்கு மேல் எழும்பி வந்த அலை வண்டியை அப்படியே வாரிக்கொண்டு போயிற்று. ஒருவரும் மிஞ்சவில்லை.

வண்டி போன சேதியை ரயில்வே தலைமையகம் வெளியிட்டது இரண்டு நாள் கழித்து! அதுவும் மண்டபத்திலிருந்த கடல்துறை அதிகாரி சொன்ன பிறகு. ஒரு முழு வண்டி, அதில் நூற்றுக்கு மேற்பட்ட உயிர், இரண்டு நாளாக எங்கே என்று சொல்ல ஆளில்லை.

நாம் கேட்கிறோம். இலங்கையைப் புயல் அடித்த அதே நாள் ராத்திரி, ஒற்றை மணல் திட்டின்மேல் அந்த வண்டியை விட்டது எந்த அறிவு? கடலின்மேல் குற்றம் சுமத்துவது சுலபம். கடல் சாட்சிக் கூண்டில் ஏறாது. டிரைவர்மேல் குற்றம் சுமத்துவது அதைவிடச் சுலபம். செத்தவன் மறுத்துப் பேசமாட்டான். ஆனால் டிரைவர் கிளம்பு என்றால் கிளம்பவேண்டியவர். நம் ஆலையில் கோளாறான மிஷினில் கைவைக்கச் சொல்கிற மாதிரிதான். கை போனால் "கவனக்குறைவு" என்று எழுதுவார்கள்; கைவைக்கச் சொன்னவன் பெயர் எழுதப்படாது.

இன்னொன்றும் கேட்கிறோம். 110 பேர் என்ற எண் டிக்கெட் எடுத்தவர்களைச் சொல்கிறது. அந்த வண்டியில் டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களும் இருந்தார்கள், எல்லோரையும் சேர்த்தால் 200 பேர்கூட இருக்கும் என்று சொல்வோர் உண்டு. ராத்திரி வண்டியில் தொற்றிக்கொண்டு கடைசி ஸ்டேஷனுக்குப் போகிறவன் யார்? கூலிக்குப் போய்த் திரும்புகிறவன். மீன் கூடைக்காரி. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். அவன் கையில் டிக்கெட் இல்லை, ஆகவே அவன் சாகவில்லை! சர்க்கார் கணக்கில் அவன் அந்த வண்டியில் ஏறவே இல்லை. பாட்டன் காலத்தில் தகர வில்லை இருந்தால் கணக்கில் உண்டு. பேரன் காலத்தில் டிக்கெட் இருந்தால் கணக்கில் உண்டு. வெறும் மனிதனுக்கு எந்தக் காலத்தில் கணக்கு?

தனுஷ்கோடி ஊரையும் சேர்த்து அந்தப் புயலில் செத்தவர்கள் சுமார் 1,800 பேர் என்பது மதிப்பு. அந்த நாளைப் பற்றி எழுதுகிறவர்கள் ராமேஸ்வரம் வந்திருந்த சினிமா நட்சத்திரங்கள் தப்பிய கதையை மறக்காமல் எழுதுகிறார்கள். எழுதட்டும். அந்த ஐந்து ரயில்வே தொழிலாளிகளின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

46 நாள்

புயல் பாம்பன் பாலத்தையும் விடவில்லை. 145 கர்டர்களில் 126 கடலுக்குள் போயின. ஆறு மாதத்தில் சரிசெய்யவேண்டும் என்றது ரயில்வே. ஸ்ரீதரன் என்ற இளம் எஞ்சினீயரிடம் பொறுப்பு வந்தது. 46 நாளில் பாலம் எழுந்து நின்றது. அவருடைய திறமையை நாம் குறைத்துச் சொல்லப்போவதில்லை. ஆனால் பாலம் ஒரு எஞ்சினீயர் கையால் மட்டும் எழும்பாது. கர்டர்கள் கடலடியில் எங்கே கிடக்கின்றன என்று காட்டிக்கொடுத்தது மீனவர்கள். கடலிலிருந்து தூக்கியது தொழிலாளிகள். மனது வைத்தால் 46 நாளில் கடலடியிலிருந்து இரும்பை எடுத்துப் பாலம் கட்ட முடியும் என்று அவர்கள் நிரூபித்தார்கள்.

அதே கை, அதே மனது, தனுஷ்கோடி மக்களுக்கு என்ன செய்தது? மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று சர்க்கார் அறிவித்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாதையைக் கைவிட்டார்கள். ஸ்டேஷன் மணலுக்குப் போயிற்று. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது.

அந்த மணல் திட்டில் மறுபடியும் ஊர் கட்டச் சொல்கிறீர்களா என்று சில அறிவாளிகள் கேட்பார்கள். இல்லை. கடல் தின்ற இடத்தில் மறுபடி கட்டிடம் கட்டி ஜனங்களைப் பலி கொடுக்கச் சொல்ல நமக்குப் பைத்தியமில்லை. ஆபத்தான இடம் என்றால் ஆபத்தான இடம்தான். நம் கேள்வி வேறு. இடம் வாழத் தகுதியற்றது என்றால், வாழ்ந்தவர்களுக்கு வாழத் தகுதியான இடம் எங்கே? தொழில் எங்கே? கடலை விட்டால் மீனவனுக்கு எது வயல்? அதனால்தான் மீனவக் குடும்பங்கள் அந்த மணலுக்கே திரும்பி வந்து குடிசை போட்டன. பல பத்தாண்டுகள் மின்சாரம் இல்லாமல், மணலில் குழி தோண்டி ஊறும் தண்ணீரைக் குடித்து அங்கே காலம் தள்ளினார்கள். "தகுதியற்ற இடம்" என்ற அந்த ஒரு வார்த்தை, எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல வசதியாகப் போயிற்று.

கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறிய பிறகு ஒப்பந்தத்தின்படி வந்தவர்கள் அதில் வந்து இறங்கினார்கள். மண்டபத்தில் மறுபடியும் அதே முகாம். போனவன் பாட்டன், வந்தவன் பேரன். சிலரை நீலகிரிக்கு அனுப்பினார்கள். அவர்களுக்காகவே 1968ல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டது. மறுபடியும் கொழுந்து, மறுபடியும் லயம். சிலர் நூற்பாலைகளுக்கு வந்தார்கள். நம் பக்கத்துக் கதிரில் இழை முடிந்தவர்கள் அவர்கள். பலருக்கு எதுவும் கிடைக்கவில்லை. "சிலோன்காரன்" என்று அவர்களைக் கூப்பிட்டவர்கள் நம்மிலும் இருந்தார்கள். அதை மறைக்காமல் ஒப்புக்கொள்வதுதான் நாணயம். அங்கே இந்தியன், இங்கே சிலோன்காரன். அவன் சொந்தமாக வைத்துக்கொண்டது உழைப்பு ஒன்றுதான்.

1980களில் இலங்கையில் போர் மூண்டது. அந்தக் கப்பலும் நின்றது. ஆனால் கடல் வழி நிற்கவில்லை. டிக்கெட் கொடுக்க ஸ்டேஷன் இல்லாத தனுஷ்கோடிக் கரைக்கு அகதிகள் படகில் வந்து விழுந்தார்கள். 2022ல் இலங்கையில் அரிசிக்கும் பால்மாவுக்கும் வழியில்லாமல் போனபோதும் குழந்தை குட்டிகளோடு அதே அரிச்சல்முனைப் பக்கம் மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டார்கள். அவர்களையும் மண்டபம் முகாமுக்குத்தான் கொண்டுபோனார்கள். ஸ்டேஷனை மூடலாம். முகாமை மூட இன்றுவரை முடியவில்லை.

இப்போது யாருக்கு?

2019 மார்ச்சில் ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மறுபடியும் ரயில் பாதை என்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். 17 கிலோமீட்டர், ரூ. 208 கோடி என்றார்கள். மாநில அரசு அந்தக் கரையின் இயற்கையைக் காட்டி நிலம் தர இசையவில்லை. பாதை போடப்படவில்லை. 2025 ஏப்ரல் 6ந் தேதி பாம்பனில் புதிய பாலம் திறக்கப்பட்டது. 550 கோடி ரூபாய்ப் பாலம். நடுப்பகுதி மின்சாரத்தில் மேலே எழும்புகிறது. நெம்புகோல் சுற்றிய கைகளுக்கு ஓய்வு கிடைத்தது. நல்லதுதான்.

ரயில் வருவதை நாம் எதிர்க்கிறவர்கள் அல்ல. தொழிலாளிக்கு ரயிலைவிடச் சிநேகிதன் யார்? ஆனால் யாருக்காக வருகிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. முதல் தடவை துரைமார் தேயிலைக்காக வந்தது. இரண்டாம் தடவை வருவதானால், இடிந்த சுவரைப் பார்க்க வருகிற உல்லாசப் பிரயாணிக்காக மட்டும் வரவேண்டுமா?

இது தனுஷ்கோடியோடு முடிகிற விஷயம் அல்ல. நம் ஊர்ப் பக்கம் எத்தனை சின்ன ஸ்டேஷன்கள் இருக்கின்றன? விடியற்காலை ஷிப்டுக்குப் போகிற ஆலைத் தொழிலாளியும், அறுப்புக்கு ஊர்விட்டு ஊர் போகிற பெண்களும் ஏறுகிற ஸ்டேஷன்கள். 2020ல் கொரோனாவைச் சாக்கிட்டுப் பாசஞ்சர் வண்டிகளை நிறுத்தினார்கள். திரும்ப விட்டபோது "எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்" என்று பெயர் சூட்டி 10 ரூபாய்க் கட்டணத்தை 30 ரூபாய் ஆக்கினார்கள். அதே பெட்டி, அதே பலகை, அதே வேகம். பெயர் மட்டும் எக்ஸ்பிரஸ்! பழைய கட்டணம் திரும்பி வந்தது 2024ல். பல சின்ன ஸ்டேஷன்களில் வண்டி நிற்பதையே எடுத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டால், வருமானம் இல்லை என்பது பதில். தனுஷ்கோடிக்குக் கடல் வேண்டியிருந்தது. மற்ற ஸ்டேஷன்களை மூட ஒரு காகிதம் போதும்.

நமது கணக்கு

அவர்கள் கணக்கைப் பார்த்தோம். வில்லை உண்டா, டிக்கெட் உண்டா, வருமானம் உண்டா என்று பார்க்கிற கணக்கு. நமக்கும் ஒரு கணக்கு உண்டு. அதைச் சொல்லி வைக்கிறோம்.

653ம் எண் வண்டியிலும் தனுஷ்கோடி ஊரிலும் செத்தவர்களின் பெயர்களைத் தேடி எடுத்து, அந்த ஸ்டேஷன் சுவருக்குப் பக்கத்தில் கல்லில் வெட்டி வைக்கவேண்டும். முதல் பெயர்கள் கடமையில் செத்த ரயில்வே தொழிலாளிகளுடையதாக இருக்கட்டும். பெயர் தெரியாதவர்களுக்கும் ஒரு வரி இருக்கட்டும். டிக்கெட் எடுத்தவர் எடுக்காதவர் என்ற பேதம் அந்தக் கல்லில் இருக்கக்கூடாது.

அந்தக் கரையில் தொழில் செய்யும் மீனவக் குடும்பங்களுக்குப் பாதுகாப்பான இடத்தில் பட்டாவும் வீடும் வேண்டும். தொழில் செய்யும் கரையில் குடிதண்ணீரும் வைத்தியமும் புயல் எச்சரிக்கையும் வேண்டும். உல்லாசப் பிரயாணிக்குத் தார்ச்சாலை போட முடிந்தவர்களுக்கு இதுவும் முடியும்.

முகாம்களில் இன்னும் நாடற்றவர்களாக இருக்கும் மலையகத் தமிழர்களுக்குக் குடியுரிமை வேண்டும். 2019ல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியவர்கள் இலங்கை அகதிகளை அதில் சேர்க்கவில்லை. இந்தப் பாட்டன்மாரை இந்த மண்ணிலிருந்து ஏற்றி அனுப்பியதற்குச் சாட்சி வேண்டுமா? தனுஷ்கோடி மணலில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.

நம் ஊர்ப்பக்கத்துச் சின்ன ஸ்டேஷன் ஒவ்வொன்றிலும் பாசஞ்சர் வண்டி நிற்கவேண்டும். அது தரும் வருமானத்தை டிக்கெட் பெட்டியில் மட்டும் பார்க்காதீர்கள். அந்த வண்டியில் வந்து இறங்குகிற தொழிலாளி ஓட்டுகிற தறியிலும் அறுக்கிற வயலிலும் பாருங்கள்.

தோழர்களே, ராமேஸ்வரம் போனால் நீங்களும் தனுஷ்கோடிக்குப் போய்வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். அந்தச் சுவரைக் காட்டி யாராவது பேய்க்கதை சொன்னால், நிறுத்தச் சொல்லுங்கள். இங்கேதான் உன் பூட்டன் கழுத்தில் தகரத்தோடு கப்பல் ஏறினான் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். இந்த வழியாகத்தான் ஒரு டிரைவர் இருட்டில் ஊதல் கொடுத்துக்கொண்டு வந்தார் என்று சொல்லுங்கள். அந்த ஊதலுக்கு இன்னும் பதில் கொடுக்கவேண்டியிருக்கிறது. அதைக் கொடுக்கவேண்டியவர்கள் நாம்தான்.